ஆல்பேர் லோந்த்ரும் என் பேத்தியின் ராஜினாமாவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை தாம்பரத்திலிருந்து போன் செய்தார். வழக்கமாக அவர் என்னிடம் பேசுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாட்களில் மகள்தான் பேசுவாள். அதனால் குரலைக் கேட்டதும் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

"மாமா, நீங்கதான் அவகிட்ட பேசணும். உங்க பேச்சுன்னா கேட்பா" என்றார்.

விஷயம் இதுதான். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக நல்ல சம்பளத்தில் இருக்கும் என் பேத்தி, அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கப் போகிறாளாம். எந்தப் பத்திரிகையில் வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டேன். "எந்தப் பத்திரிகையிலயும் இல்ல மாமா. அதுதானே கஷ்டம். ஃப்ரீலான்ஸாம்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், பெண்ணுக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் வெறுமனே பேசமாட்டான். குறிப்பு எழுத வேண்டும். ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடது பக்கம் 'வேண்டாம்' என்றும் வலது பக்கம் 'போகட்டும்' என்றும் தலைப்புப் போட்டேன். இடது பக்கம் நிமிடத்தில் நிரம்பிவிட்டது. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, கல்யாணம், ஊரார் பேச்சு. வலது பக்கத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. காபி குடித்துவிட்டு வந்து ஒரு பெயரை மட்டும் எழுதினேன். ஆல்பேர் லோந்த்ர்.

என்னோடு படித்த சிலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்து, பிரெவே தேறி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடிய தலைமுறை எங்களுடையது. 1962-க்குப் பிறகு வேலைக்கெல்லாம் ஆங்கிலம்தான் கேட்டார்கள். காலையில் தட்டச்சுப் பள்ளியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டு, மாலையில் நூலகத்தில் போய்ப் பிரெஞ்சுப் புத்தகங்களின் முன்னால் நிற்பேன். அப்படி ஒரு நாள் எடுத்த புத்தகத்தின் அட்டையில் 'லோந்த்ர்' என்று இருந்தது. பிரெஞ்சில் லண்டன் மாநகருக்கு அதுதான் பெயர். லண்டன் பயணக் கதை, ஆங்கிலமும் கொஞ்சம் ஓட்டிக்கொள்ளும் என்று எடுத்துப் போனேன். வீட்டில் போய்த் திறந்தால் லண்டனும் இல்லை, ஒன்றும் இல்லை. தென் அமெரிக்காவின் ஓரத்தில், பிரெஞ்சு கயானாவில் இருந்த கைதிகள் குடியேற்றத்தைப் பற்றிய புத்தகம் அது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

லோந்த்ர் பிறந்தது 1884 நவம்பர் 1, விஷி நகரில். நவம்பர் 1 நம் ஊர்க்காரர்களுக்கு மறக்கக்கூடிய தேதியா? அவர் பிறந்து சரியாக எழுபது வருடம் கழித்துத்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தேதி நினைவில் நிற்பதற்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

அவரும் என்னைப்போல் குமாஸ்தாதான். பள்ளியை முடித்து 1901-இல் லியோன் நகருக்குப் போய் ஒரு சுரங்கக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அதை விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போனார். பத்திரிகைக்காரனாக வேண்டுமென்று போகவில்லை, கவிஞனாக வேண்டுமென்றுதான் போனார். 1904-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அதே வருடம் மகள் பிறந்தாள். அடுத்த வருடம் அந்தக் குழந்தையின் தாய் இறந்துபோனாள். இருபது வயதுப் பையன், கையில் குழந்தை, கவிதையில் காசில்லை. லியோன் நாளிதழ் ஒன்றுக்குப் பாரிஸ் நிருபராக இருந்தார். 1906-இல் 'ல மத்தேன்' பத்திரிகை அவரை எடுத்துக்கொண்டது.

என்ன வேலை தெரியுமா? நாடாளுமன்றத்தின் தாழ்வாரங்களில் நின்று, யார் யாரோடு பேசினார், எந்த மந்திரி முகம் சுளித்தார் என்று கேட்டு வந்து நாலு வரித் துணுக்குகளாக எழுத வேண்டும். துணுக்கின் கீழே பெயர் கிடையாது. எட்டு வருடம் இப்படி. வருகிறவன் போகிறவன் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, தன் பெயர் எங்கும் வராமல் எட்டு வருடம் எழுதியிருக்கிறார்.

1914-இல் போர் வந்தது. உடல் பலவீனம் என்று ராணுவம் அவரை எடுக்கவில்லை. செப்டம்பர் 19-ஆம் தேதி ஜெர்மானியக் குண்டுவீச்சில் ரேம்ஸ் நகரத்துப் பேராலயம் தீப்பற்றி எரிந்தது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய கோயில் அது. லோந்த்ர் அங்கே போனார், பார்த்தார், எழுதினார். இரண்டு நாளில் அது பத்திரிகையில் வந்தது, அவர் பெயரோடு. முப்பது வயதுக்குச் சில வாரங்களே இருந்தன.

அதற்குப் பிறகு அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. கிழக்குப் போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். 'ல மத்தேன்' மறுத்ததும் வேறு பத்திரிகைக்கு மாறிப் போய்விட்டார். போர் முடிந்த பிறகு, சமாதான உடன்படிக்கையில் இத்தாலியர்களுக்குத் திருப்தி இல்லை என்று எழுதினார். அது பிரதமர் கிளெமான்சோவுக்குப் பிடிக்கவில்லை. 1919-இல் மேலிடத்துச் சொல்லால் வேலை போனது. மூன்றாவது பத்திரிகை. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவுக்கு 1920-இல் போனார். 1922-இல் ஜப்பான், சீனா, இந்தோசீனா, இந்தியா என்று ஒரு சுற்று. 1923-இல் 'ல பெத்தி பரிசியேன்' அனுப்ப, கயானாவுக்குக் கப்பல் ஏறினார்.

கயானாவில் அவர் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு 'துப்ளாஜ்' என்று பெயர், இரட்டிப்பு என்று அர்த்தம். ஒருவனுக்கு ஐந்து வருடத் தண்டனை என்றால், ஐந்து வருடத்தை முடித்த பிறகு இன்னும் ஐந்து வருடம் அந்த மண்ணிலேயே அவன் இருக்க வேண்டும். எட்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால், முடித்த பிறகு ஆயுள் முழுக்க அங்கேதான். 1854-ஆம் வருடச் சட்டம். வெளியே வந்தவனுக்கு வேலை இல்லை, கூரை இல்லை, ஊருக்குத் திரும்ப வழியில்லை. நீதிபதி ஐந்து என்கிறார், சட்டப் புத்தகத்தின் இன்னொரு பக்கம் அதைப் பத்தாக்கிவிடுகிறது. இது ரகசியமே இல்லை. அரசிதழில் எழுபது வருடமாக அச்சில் இருந்ததுதான். ஆனால் பாரிசில் காலையில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவனுக்கு, லோந்த்ர் ஒரு கைதியின் முகத்தோடு அதைக் காட்டிய பிறகுதான் அது தெரிந்தது. விதிகளோடு ஆயுள் முழுக்க வாழ்ந்த எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது. ஒரு விதி என்ன செய்கிறது என்பது விதிப் புத்தகத்தில் இருப்பதில்லை. அதைப் பார்க்க அந்த இடத்துக்கு ஒருவன் போக வேண்டியிருக்கிறது.

கட்டுரைகளின் முடிவில் குடியேற்ற நாடுகளின் மந்திரிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. அங்கே கைதிகளை அனுப்புவதை நிறுத்தும் ஆணை 1938-இல்தான் வந்தது. கடைசிக் கைதிகள் திரும்பியது 1953-இல். அதைப் பார்க்க லோந்த்ர் உயிரோடு இல்லை. 1932 மே மாதம் சீனாவிலிருந்து திரும்பும்போது 'ஜார்ஜ் ஃபிலிப்பார்' என்ற புத்தம்புதுக் கப்பல் ஏடன் வளைகுடாவில் தீப்பிடித்தது. அதில் போனவர் அவர். வயது 47. அடுத்த வருடத்திலிருந்து அவர் பெயரில் இளம் பத்திரிகையாளர்களுக்குப் பிரான்சில் பரிசு கொடுக்கிறார்கள். அதை ஏற்படுத்தியவள் அந்தத் தாயில்லாக் குழந்தைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1924-இல் பிரான்சைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத அவரை அனுப்பினார்கள். சைக்கிளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. வழியில், சென்ற வருடம் வென்ற ஹென்றி பெலிசியே தம்பியோடும் இன்னொருவரோடும் பந்தயத்தை விட்டு விலகிவிட்டார் என்று தகவல். மேலே போட்ட பனியனைக் கழற்றி எறியக்கூடாது என்று ஒரு விதியாம், அதில் வந்த தகராறு. மற்ற நிருபர்கள் பந்தயத்தின் பின்னால் போனார்கள். லோந்த்ர் விலகியவர்களைத் தேடிப் போனார். கூத்தான்ஸ் ஊர் ரயில்நிலையத்துக் காப்பிக்கடையில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பையைத் திறந்து காட்டுகிறார்கள். கண்ணுக்குக் கொக்கேன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அப்புறம் மாத்திரைகள். மறுநாள் அது கட்டுரையாக வந்தது. அந்த வருடம் பந்தயத்தில் ஜெயித்தவர் யார் என்று கேட்டால் எனக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காப்பிக்கடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் பேத்தி செய்ய நினைப்பதும் இந்த வகை எழுத்துதான். செய்தி இல்லை, செய்தியின் பக்கத்தில் இருக்கும் காப்பிக்கடை. ஆங்கிலத்தில் ஃபீச்சர் என்கிறார்கள்.

அந்த வார இறுதியில் அவள் வந்தாள். சாப்பிட்டு முடித்து மொட்டை மாடிக்குப் போனோம். என் தாளை எடுத்துக்கொண்டு, வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். "பாப்பா, லோந்த்ர் எட்டு வருஷம் பேரில்லாம எழுதினார். நம்ம பாரதியாரையே எடுத்துக்கோ. அதே 1904-ல சுதேசமித்திரன்ல உதவி ஆசிரியரா சேர்ந்தார். அங்க அவருக்கு முக்கியமான வேலையே ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குறதுதான். ஜி. சுப்பிரமணிய ஐயர்கிட்ட அந்தப் பயிற்சி இல்லாம, நம்ம ஊருக்கு வந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தியிருக்க முடியுமா? நீ முதல்ல ஒரு பத்திரிகை ஆபீஸ்ல போய் உட்காரு. திருத்துறதுக்கு மேல ஒருத்தர் இருக்கணும். தனியா எழுதுறதெல்லாம் அப்புறம்."

நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, நீங்க சொல்ற மேஜை இப்ப காலி. நான் போய்க் கேட்காம இருப்பேனா? ரெண்டு இடத்துல கேட்டேன். ஒரு இடத்துல ஆள் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. இன்னொரு இடத்துல ஒரு நாளைக்கு எட்டு செய்தி போடணும், எல்லாம் உட்கார்ந்த இடத்துல இருந்தே, வேற யாரோ போட்டதைப் பார்த்து மாத்தி எழுதணும். வெளிய போகவே விடமாட்டாங்க. அதுக்கு இப்ப இருக்கிற வேலையே மேல்."

எனக்குப் பதில் தெரியவில்லை. நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறோம். நம் காலத்தில் இருந்த ஏணி இன்னும் அதே சுவரில் சாய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஏறத் தெரியவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். பத்திரிகை அலுவலகத்தில் சிவப்பு மையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் குட்டு வாங்கி எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் நினைப்பு. அந்தப் பெரியவருக்குச் சம்பளம் கொடுக்க இன்று பல பத்திரிகைகளுக்கு மனமில்லை, அல்லது முடியவில்லை. அந்தச் செலவை இப்போது என் பேத்தி மாதிரிப் பிள்ளைகள் தங்கள் கைக்காசில் செய்துகொள்கிறார்கள்.

கைக்காசு என்று சும்மா சொல்லவில்லை. போன வருடம் அவள் நம் ஊர் வடக்குப் பக்கத்து மீனவர் குப்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்கள் எண்பதுகளில் கட்டப்பட்ட பிறகு வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே நின்றுவிட்டதும், அதனால் கடல் குப்பங்களுக்குள் ஏறியதும், கருங்கல் கொட்டி அதைத் தடுத்ததும், கல் முடிந்த இடத்திலிருந்து அடுத்த குப்பம் அரிக்கப்பட்டதும் நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். நாம் வலையும் கட்டுமரமும் பார்த்த மணலில் இன்று கருங்கல்தான் கிடக்கிறது. அவள் அதை எழுதவில்லை. வலையை எங்கே காயவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். மணல் போனதால் சிலர் சாலையோரத்தில் விரிக்கிறார்கள், வண்டி ஏறிக் கிழிகிறது, வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஐம்பது வருடமாக அந்த வழியாகப் போய்வருகிறேன்.

அந்தக் கட்டுரைக்காக நான்கு முறை ஊருக்கு வந்தாள். பஸ், ஆட்டோ, ஒரு கேமராவுக்கு வாடகை. கட்டுரையை அனுப்பி ஏழு வாரம் கழித்து வெளியிட்டார்கள். பணம் வர இன்னும் ஐந்து மாதம். ஆறாயிரம் ரூபாய், அதில் வரி பிடித்தம் வேறு. நடுவில் மூன்று நினைவூட்டல் கடிதம் எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதங்களை எனக்குக் காட்டினாள். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று நாங்கள் எழுதியதைவிடப் பணிவாக இருந்தன.

லோந்த்ரின் கதையில் நாம் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். அவர் தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் கயானாவுக்குக் கப்பல் கட்டணத்தை அவர் கொடுக்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஒரு பத்திரிகை கொடுத்தது. ஒரு பத்திரிகை துரத்தினால் இன்னொன்று கூப்பிட்டது. சுதந்திரமாக எழுதினார் என்கிறோமே, அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிரிவு இருந்தது. இன்றைக்கு 'ஃப்ரீ' என்ற சொல் பெயரில் இருக்கிறது. கணக்குப் பிரிவைக் காணோம்.

பிரெஞ்சில் இப்படித் தனித்தனிக் கட்டுரைக்குக் கூலி வாங்குகிறவரை 'பிஜிஸ்த்' என்பார்கள். 1974-இல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். பத்திரிகை நிறுவனம் ஒரு தொழில்முறைப் பத்திரிகையாளரிடம் காசு கொடுத்துக் கட்டுரை வாங்கினால், அது மாதச் சம்பளமாக இருந்தாலும் கட்டுரைக்கு இவ்வளவு என்றிருந்தாலும், அவரை வேலைக்காரராகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்லும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். நம் நாட்டில் 1955-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தையும் நான் எடுத்துப் பார்த்தேன். அந்த வழக்கம் போகவில்லை. ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், பிழை திருத்துபவர் என்று வரிசையாகப் போட்டு, ஃபீச்சர் எழுதுபவர் என்றும் அதில் போட்டிருந்தார்கள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனால், நிறுவனத்தில் பணியமர்த்தப்பட்டவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. கட்டுரைக்குக் கட்டுரை வெளியில் நிற்பவளால் அந்த வாசற்படியில் ஏற முடிந்ததே இல்லை. பிரெஞ்சுக்காரன் நம்மை ஆண்டபோது செய்த எத்தனையோ காரியங்களை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம், போலீஸ்காரர் தொப்பி உட்பட. அவன் போன பிறகு செய்த நல்ல சட்டம் ஒன்றையும் பார்த்து எழுதிக்கொண்டால் தப்பில்லை என்பது என் கருத்து. பத்திரிகையாளர் சங்கங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே பேத்தியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நிறையக் காரணம் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் லோந்த்ரும் இல்லை, பாரதியும் இல்லை. மடித்த தாளின் இரண்டு பக்கத்திலும் நான் எழுதாமல் விட்ட ஒன்று.

1979. நான் எல்.டி.சி. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எங்கள் கவுண்டருக்கு ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் செத்துப்போக, விதவை பென்ஷனுக்கு எத்தா சிவில் பதிவேட்டிலிருந்து சான்று வேண்டும். கல்யாணப் பதிவில் அவள் பெயர் ஒரு விதமாகவும் பிறப்புப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருந்தது. அந்தக் காலத்துப் பதிவாளர் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதியதால் வந்த வினை. தமிழில் ஒரே பெயர், பிரெஞ்சில் இரண்டு பெண்கள். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வா என்று இங்கே சொல்வோம். அங்கே போனால் இன்னொரு தாள் வாங்கி வா என்பார்கள். இரண்டு வருடம் நடந்தாள். ஒவ்வொரு முறையும் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்த அதே காகிதத்தைப் பிரித்துக் காட்டுவாள்.

நான் லோந்த்ர் படித்தவன் அல்லவா? ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி, ஒரு தமிழ் வார இதழுக்கு என் பெயரிலேயே அனுப்பினேன். வந்துவிட்டது. நாற்பது ரூபாய் மணியார்டரும் வந்தது. அந்த வாரம் நான் நடந்த நடையை என் மனைவி கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. நடத்தை விதிகள் 1964, விதி 8. முன் அனுமதியில்லாமல் பத்திரிகையில் எழுதியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம். அந்த விதியில் அப்போது ஒரு சந்து இருந்தது. எழுதியது முழுக்க இலக்கியமாகவோ கலையாகவோ அறிவியலாகவோ இருந்தால் அனுமதி தேவைப்படவில்லை. எங்கள் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்திக்கொண்டு, "இலக்கியம்னு எழுதிக் குடுத்துடுய்யா. குழந்தை இருக்கு உனக்கு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மேற்படி எழுத்து ஒரு சிறுகதை என்றும், அதில் வரும் மூதாட்டி முழுக்க முழுக்கக் கற்பனை என்றும், அப்படி எவரும் எந்த அலுவலகத்துக்கும் வரவில்லை என்றும். கார்பன் காப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மெமோ கோப்பில் மூடப்பட்டது. நான்கைந்து நாள் கழித்து அந்தக் கிழவி கவுண்டரில் வந்து நின்றாள். காகிதத்தைப் பிரித்தாள். யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. "நம்ம சங்கதி பொஸ்தகத்துல வந்துச்சாமே தம்பி, இனிமே சரியாயிடும்ல?" என்று கேட்டாள். பார்க்கிறேன் பாட்டி என்றேன். அதன் பிறகு இரண்டு மூன்று முறை வந்தாள். பிறகு வரவில்லை. பென்ஷன் கிடைத்து நின்றாளா, செத்துப்போய் நின்றாளா என்று நான் போய் விசாரிக்கவில்லை. அவள் தெரு எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை ஒரு வரியும் எழுதவில்லை.

அன்று நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டது தவறென்று சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் படித்தாள், அவள் மகளும் வந்தாள். அந்த மூன்று பக்கம் நன்றாக எழுதப்பட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நிலையான வேலை நிலையான வேலை என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லும்போது, அதற்கு என்ன விலை கொடுத்தோம், அதை யார் தலையில் வைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் இத்தனை வருடம் சொல்லவில்லை. மனைவிக்குக்கூட மெமோ வரைக்கும்தான் தெரியும்.

மொட்டை மாடியில் அன்று பேத்தியிடம் சொன்னேன்.

பிறகு காரியமாகப் பேசினோம். ஒரு வருடச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். ஏழு மாதத்துக்கு இருக்கிறது என்றாள். மீதி ஐந்துக்கு என் வைப்புத்தொகை ஒன்று வருகிற ஜூனில் முதிர்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், இப்போது படித்துவிடுவார், படிக்கட்டும். காசில்லாமல் எழுதித் தருகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே, பேர் வந்தால் போதும் என்று சொல்கிறவர்களை நம்பாதே என்றேன். அது எனக்கே தெரியும் தாத்தா என்றாள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் விடாதே என்றேன். அதற்குத் தலையாட்டினாள்.

கீழே இறங்கி வந்ததும் பீரோவைத் திறந்து அந்தக் கார்பன் காப்பியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன, கை படாமல் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்டி மாதிரி இன்னும் இருப்பாங்க இல்ல தாத்தா? ஸ்பெல்லிங்ல மாட்டினவங்க?"

நிறையப் பேர் இருப்பார்கள் என்றேன். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று இடம் சொன்னேன். பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"அந்தப் பாட்டி பேர் என்ன?"

சொன்னேன். எழுதப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஸ்பெல்லிங் தாத்தா?"

பேனாவை வாங்கி இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.